ஏட்டைத் தொலைத்தவர் யார்? எண்பிக்க வேண்டியவர் யார்?

தோழரே!

ஊரில் ஒரு பெரிய மனிதர். உமது உழைப்பின் பயனை அவரிடம் கொடுத்து வைக்கிறீர். கணக்கை எழுதுகிறவர் அவர். கணக்கேட்டைத் தம் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொள்கிறவரும் அவரே. ஆண்டுகள் பல கழித்துப் போய்க் கேட்கிறீர். "ஏடு எரிந்துபோயிற்று" என்கிறார். "எரிந்தது உமது வீட்டில்தானே ஐயா?" என்று கேட்கிறீர். "ஆமாம், என் வீட்டில்தான். ஆனாலும் கொடுத்ததற்குச் சான்று நீர்தாம் கொண்டுவர வேண்டும். பிழையைக் கண்டுபிடித்த மூன்றாண்டுக்குள் வந்திருக்கவும் வேண்டும். நான் எழுதிய கணக்கு சரியானதே என்ற எண்ணத்தோடுதான் உமது வழக்கு விசாரிக்கப்படும். விசாரிக்கப்போகிறவர்களும் நான் அமர்த்திய ஆட்களே" என்கிறார். ஊர் அவரை என்ன பெயரிட்டு அழைக்கும் என்பதை நான் எழுதவும் வேண்டுமோ?

இதையேதான் அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரசு, தன் கொடியின்கீழ் நின்று குண்டடிபட்ட சிப்பாய்க்குச் செய்கிறது. அங்கே அதற்குப் பெயர் 'நடைமுறை'!

படைவீரன் ஒருவனின் சேவைப் பதிவேட்டில் அவன் பெற்ற பதக்கம் விடுபட்டுப்போகிறது. அதைச் சேர்க்கச் சொல்லி அவன் மனுச் செய்கிறான். கேட்பதற்குச் சிறு செய்திதான். எழுத்தர் ஒருவரின் கைப்பிழை என்பர் சிலர். ஒரு வரிப் பிழைக்காக ஞாயிற்றுக்கிழமை ஏட்டில் இத்தனை பத்தியா என்றும் கேட்பர். இத்தனை பத்தியும் தேவைதான். அழைத்தபோது உயிரைக் கேட்ட அரசு, திரும்பி வந்தவனிடம் எத்தகைய முகத்தைக் காட்டுகிறது என்பது அந்த ஒற்றை வரியில் தெரிந்துவிடுகிறது.

ஒரு வரியின் விலை

போர் முடிந்து வீடு திரும்பும் அமெரிக்கச் சிப்பாயின் கையில் ஒரு தாள் கொடுக்கப்படும். 1950 முதல் அதற்கு 'டிடி 214' என்று பெயர். அதற்கு முன்பும் அதே வேலையைச் செய்த வேறு படிவங்கள் இருந்தன. எந்த நாளில் சேர்ந்தான், எங்கே போரிட்டான், என்ன பதக்கம் பெற்றான், எப்படி விடுவிக்கப்பட்டான் என்பதெல்லாம் அந்தத் தாளில் அடக்கம். படைவீரனுக்கு அதுவே பிறப்புச் சீட்டு. அதுவே குலச் சொத்து.

அந்தத் தாளை எழுதியவர் யார்? களத்தில் உடன் நின்ற தோழன் அல்லன். விடுவிப்பு முகாமில் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்திருந்த எழுத்தர். 1945-இல் 80 இலட்சத்துக்கு மேல் இருந்த அமெரிக்கத் தரைப்படையின் பெரும்பகுதி, ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் வீடு அனுப்பப்பட்டது. வரிசையில் நிற்பவனுக்கு ஊர் போகும் அவசரம்; எழுதுபவருக்கு வரிசையை முடிக்கும் அவசரம். மருத்துவமனையில் கொடுத்த பதக்கம் படைப்பிரிவின் ஏட்டுக்கு வந்து சேரவில்லை. படைப்பிரிவு கொடுத்த பதக்கம் முகாமின் படிவத்துக்கு வந்து சேரவில்லை. "எல்லாம் சரியா?" என்று கேட்டார்கள், "சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலேறினான் அந்த இளைஞன். இருபது வயதில் எவன் தன் முதுமைக்குச் சான்று தேடினான்?

விடுபட்டது வெறும் தகரமும் பட்டு நாடாவும் என்று எண்ணிவிடாதீர். அந்த நாட்டின் சட்டமே அவற்றுக்கு விலை வைத்திருக்கிறது. 1945-இல் யாரை முதலில் வீட்டுக்கு அனுப்புவது என்பதற்குப் புள்ளிக் கணக்கு ஒன்று இருந்தது. 85 புள்ளி சேர்ந்தவன் ஊர் திரும்பலாம். ஒவ்வொரு வீரப் பதக்கத்துக்கும் 5 புள்ளி. ஒரு மாதச் சேவைக்கோ ஒரே புள்ளி. அதாவது ஏட்டில் ஒரு பதக்கம் விடுபட்டால், ஐந்து மாதச் சேவைக்கு ஈடான கணக்கு காற்றோடு போயிற்று.

இன்றைக்கும் அந்த விலை குறைந்துவிடவில்லை. போரில் காயமுற்றோர்க்கு வழங்கும் 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கம் ஏட்டில் இருந்தால், முன்னாள் வீரர் மருத்துவமனையில் அவனுக்கு முன்னுரிமை உண்டு. ஆர்லிங்டன் தேசியக் கல்லறையின் மண்ணில் இடம் உண்டு. களத்தில் நின்றவன் என்பதற்கு அந்தப் பதக்கமே சான்றாவதால், அங்கே பெற்ற நோய்க்கு உதவித்தொகை கேட்கும்போது வழக்கும் எளிதாகிறது. அந்த வரி இல்லாதவனோ, தன் உடம்பிலுள்ள தழும்பைக் காட்டி, "இது சண்டையில் பட்டது" என்று முதலிலிருந்து கதை சொல்லத் தொடங்க வேண்டும். தழும்பு பேசாது, தாள்தான் பேசும்!

எரிந்தது யார் வீட்டில்?

1973 ஜூலை 12. மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரை அடுத்த ஓவர்லாண்டில் இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் தீப்பற்றியது. ஆறு மாடிக் கட்டடம். எரிந்தது ஆறாவது மாடி. தாள்களை அடுக்கிவைத்த கூடங்களில் தீயணைக்கும் நீர்த்தெளிப்பான்கள் இல்லை. நெருப்பை முழுதும் அடக்க நான்கு நாட்களுக்கு மேலாயிற்று. 1 கோடியே 60 இலட்சம் முதல் 1 கோடியே 80 இலட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன என்பது அந்த மையமே சொல்லும் கணக்கு. 1912 நவம்பர் முதல் 1960 தொடக்கம் வரை தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது போயின. 1947 முதல் 1964 தொடக்கம் வரை விமானப்படையிலிருந்து வந்தோரில், ஆங்கில அகர வரிசையில் 'ஹப்பர்ட்' என்ற பெயருக்குப் பின்னால் வருவோரின் கோப்புகளில் நூற்றுக்கு எழுபத்தைந்து போயின. பெயரின் முதலெழுத்தே ஒருவனது கடந்த காலத்தைத் தீர்மானித்தது!

நெருப்பு வந்தது விதி என்பார்கள். நெருப்புக்கு விதி காரணமாகட்டும். அறியாமைக்கு யார் காரணம்? அந்தக் கோப்புகளுக்கு இரண்டாம் படி இல்லை. நுண்படச் சுருளில் எடுத்துவைக்கவும் இல்லை. எரிந்த பகுதிக்கு ஓர் அட்டவணைகூட இல்லை. ஆகவே எவனுடைய கோப்பு எரிந்தது என்பதே எவர்க்கும் தெரியாது. அணுவைப் பிளந்த நாடு அது. நிலவில் ஆளை இறக்கி நான்காண்டு ஆகியிருந்த நாடு அது. தன் சிப்பாய்களின் வாழ்க்கைக்கு ஒரு நகல் எடுத்துவைக்க அதற்கு நேரம் கிடைக்கவில்லை!

ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அன்று எல்லாமே அழிந்துவிடவில்லை. ஒவ்வொரு படைப்பிரிவும் நாள்தோறும் எழுதிய 'காலை அறிக்கை' உண்டு. எவன் காயமுற்றான், எவன் மருத்துவமனைக்குப் போனான், எவன் திரும்பினான் என்று அதில் இருக்கும். சம்பளப் பட்டியல்கள் உண்டு. முன்னாள் வீரர் இலாகாவின் கோப்புகள் உண்டு. தீ விபத்துக்குப் பதினைந்து ஆண்டு கழித்து, 1988-இல், இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் கொரியப் போர்க் காலத்திலும் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோர் பற்றிய இலட்சக்கணக்கான பதிவுகள் வேறோரிடத்தில் இருப்பது தெரியவந்தது. காயம்பட்டதற்கு அவை சான்றாயின. தேடினால் கிடைக்கும் என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? தேடவேண்டியவர் யார் என்பதுதான் வழக்கு.

வாரியத்தின் முன்னால்

பதிவேட்டைத் திருத்துவதற்கென்று சட்டம் இருக்கிறது. 1946-க்கு முன் ஒரு சிப்பாயின் ஏட்டைத் திருத்த, காங்கிரசில் தனி மசோதாவே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு படை இலாகாவும் பதிவுத் திருத்த வாரியம் ஒன்றை வைத்துக்கொண்டது. வாரியத்தில் இருப்போர் சிவிலியன்கள். ஆனால் அதே படை இலாகாவில் வேலை பார்ப்பவர்கள். மனுக்களில் பெரும்பாலானவை தாளை மட்டும் பார்த்தே முடிக்கப்படுகின்றன. மனுதாரரை நேரில் அழைத்துக் கேட்பது அரிது. பிழையைக் கண்டுபிடித்த மூன்றாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது விதி. 'நீதியின் பொருட்டு' அதைத் தளர்த்தலாம். தளர்த்துவதும் தளர்த்தாததும் வாரியத்தின் விருப்பம். முடிவு சொல்லச் சட்டம் தரும் உச்ச அவகாசம் 18 மாதம். தொண்ணூறு வயதைக் கடந்தவனுக்கு 18 மாதம் என்பது எவ்வளவு நீளம் என்று அந்தச் சட்டத்தை எழுதியவர்க்குத் தெரியாதோ!

இவையெல்லாம் கிளைகள். ஆணிவேர் வேறு. ஒவ்வொரு வழக்கையும் வாரியம் ஓர் அனுமானத்தோடு தொடங்குகிறது: நிர்வாகம் செய்தது முறையாகவே செய்யப்பட்டிருக்கும், ஏட்டில் இருப்பது சரியாகவே இருக்கும், தவறு என்று சொல்கிறவன்தான் அதை எண்பிக்க வேண்டும். நன்று! எழுத்தருக்குக் கை தவறாது. முகாமுக்குத் தாள் தவறாது. கட்டடத்துக்கு நெருப்புப் பிடிக்காது. தவறக்கூடியவன் ஒருவனே இருக்கிறான்: காலில் குண்டோடு திரும்பியவன்!

அந்த அனுமானத்துக்கு வரலாறு என்ன மறுமொழி சொல்லியிருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

ஹென்றி ஜான்சன். ஆல்பனி ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிய கறுப்பர். முதல் உலகப் போரில் 369-ஆம் காலாட்படையில் சேர்ந்தார். வெள்ளையரோடு ஒரே அணியில் நிற்கத் தகுதியில்லை என்று அந்தப் படைப்பிரிவைப் பிரெஞ்சுத் தளபதிகளின்கீழ் அனுப்பினார்கள். 1918 மே மாதம், ஆர்கான் காட்டருகே, இரவுக் காவலில் ஜான்சனும் நீதம் ராபர்ட்சும் நின்றபோது, பன்னிரண்டு பேருக்குக் குறையாத ஜெர்மன் படை பாய்ந்தது. ராபர்ட்ஸ் படுகாயமுற்று விழுந்தார். துப்பாக்கி பயன்படாமல் போனதும் கத்தியை உருவினார் ஜான்சன். உடம்பில் இருபத்தொரு காயம். தோழனைப் பகைவர் தூக்கிச் செல்ல விடவில்லை. பிரான்சு தன் உயர்ந்த வீர விருதான குருவா த கேரை அவருக்குச் சூட்டியது. அமெரிக்கா என்ன செய்தது? அவர் படத்தைப் போட்டு ஆள் சேர்த்தது. போர் முத்திரை விற்றது. அவருடைய விடுவிப்புப் பத்திரத்தில் அந்த இருபத்தொரு காயத்தில் ஒன்றுகூட ஏறவில்லை! 1929-இல் அவர் வறுமையில் மறைந்தார். காயமுற்றோர் பதக்கம் 1996-இல் வந்தது. மிக உயர்ந்த விருதான 'மெடல் ஆஃப் ஹானர்' 2015-இல் வந்தது. அப்போது அதை வாங்கிக்கொள்ள உறவினர் என்று ஒருவரும் இல்லை. நியூயார்க் தேசியக் காவற்படையினர் ஒருவர் பெற்றுக்கொண்டார்.

அந்த விருதுக்கு வழி திறந்த சான்று எங்கிருந்து வந்தது தெரியுமா? போர் நடந்த சில நாட்களில், தளபதி பெர்ஷிங்கே ஜான்சனின் செயலை விவரித்து அனுப்பிய குறிப்பிலிருந்து! அது அரசின் ஆவணக் குவியலிலேயே கிடந்தது. 2011 வாக்கில் செனட்டர் ஒருவரின் அலுவலகத்தார் தேடி எடுத்தார்கள். தொண்ணூற்று மூன்று ஆண்டு தன் பையில் இருந்த சான்றையே, "எங்கே சான்று?" என்று கேட்டுக்கொண்டிருந்தது அந்த அரசு!

பிரெடி ஸ்டோவர்ஸ். 371-ஆம் காலாட்படை, அடிமையாயிருந்தவரின் பேரன். 1918 செப்டம்பர் 28-இல், பிரான்சின் 188-ஆம் குன்றில், குண்டடிபட்டும் ஊர்ந்து முன்னேறித் தம் ஆட்களை நடத்திச் சென்று மாண்டார். உயர்ந்த விருதுக்கு அப்போதே பரிந்துரை எழுதினார்கள். தாள் மேலே போகவில்லை. 1991 ஏப்ரலில், முதுமையெய்திவிட்ட அவருடைய சகோதரிகளின் கையில் அது கொடுக்கப்பட்டது. எழுபத்து மூன்று ஆண்டு!

இரண்டாம் உலகப் போரில் நானூறு பேருக்கு மேல் இந்த விருது பெற்றார்கள். அவர்களில் ஒரு கறுப்பர்கூட இல்லை. இலட்சக்கணக்கான கறுப்பர் சீருடை அணிந்த போர் அது! அனுமானத்தின்படி பார்த்தால், ஏடு சரி. ஆகவே கறுப்பரில் வீரர் இல்லை. 1990-களில் தரைப்படையே ஷா பல்கலைக்கழகத்தாரைக் கொண்டு ஆராயச் செய்தது. 1997 ஜனவரி 13-இல் ஏழு கறுப்பருக்கு விருது வழங்கப்பட்டது. அந்த எழுவரில் மேடையேற உயிரோடு இருந்தவர் வெர்னன் பேக்கர் ஒருவரே. 2000 ஜூன் மாதம் ஆசிய வழியினர் 22 பேருக்கு. 2014 மார்ச்சில், யூதர் என்றும் ஸ்பானிய வழியினர் என்றும் ஒதுக்கப்பட்டோரை ஆராய்ந்தபின், 24 பேருக்கு. வாரியம் சரியென்று அனுமானித்த ஏட்டை, திறந்து பார்த்தபோதெல்லாம் பிழை கண்டார்கள்!

பாரிஸ் டேவிஸ். 1965 ஜூன் மாதம் வியட்நாமின் போங்சான் அருகே, காயமுற்ற தம் ஆட்களை ஒவ்வொருவராக மீட்டுவந்த கறுப்பின கேப்டன். மேலதிகாரி பரிந்துரை எழுதினார். தாள் காணவில்லை. 1969-இல் விசாரித்தார்கள், கோப்பே இல்லை என்றார்கள். மறுபடி எழுதினார்கள், மறுபடியும் காணவில்லை. ஒருமுறை தொலைந்தால் தவறு. மறுமுறையும் தொலைந்தால் அதற்கு வேறு பெயர். உடன் போரிட்டோரும் தொண்டர்களும் சேர்ந்து சான்றுகளைத் திரட்டியபின், 2023 மார்ச் 3-இல் விருது வந்தது. அவருக்கு அப்போது 83 வயது.

வேவர்லி உட்சன். 1944 ஜூன் 6-இல் நார்மண்டியின் ஒமாகா கடற்கரையில், தாமே காயமுற்ற நிலையில், இருநூறு பேருக்குக் குறையாமல் மருத்துவம் செய்த கறுப்பினப் படை மருத்துவ உதவியாளர். அவர் குடும்பத்தார் நியாயம் கேட்டபோது, அவருடைய கோப்பு 1973 நெருப்பில் போயிருந்தது. 2005-இல் அவர் மறைந்தார். உயர்ந்த வீர விருதுகளில் இரண்டாவதான 'சிறப்புச் சேவைச் சிலுவை' 2024-இல் வந்தது.

நிறம் மட்டுமே காரணம் என்று சொல்லி முடித்துவிடவும் நான் விரும்பவில்லை. கென்டக்கி மாநிலத்தின் கார்லின் கானர் வெள்ளையர், உழவர். 1945 ஜனவரி 24-இல் பிரான்சின் ஹூசன் அருகே, தொலைபேசிக் கம்பியை இழுத்துக்கொண்டு படைக்கு முன்னால் ஓடி, மூன்று மணி நேரம் தனித்துக் கிடந்து பீரங்கித் தாக்குதலை வழிநடத்தியவர். அவருக்காக 1996-இல் தொடங்கிய முயற்சியை வாரியம் தள்ளியது, மறுபடியும் தள்ளியது. அவர் 1998-இல் இறந்தார். அவர் மனைவி நீதிமன்றம் போனார். 2014-இல் நீதிபதி அவருடைய வீரத்தைப் புகழ்ந்தார். காலவரம்பு கடந்துவிட்டது என்று வழக்கைத் தள்ளினார். மேல்முறையீடும் சமரசமும் நடந்த பின்னர், 2018 ஜூன் மாதம் அந்த மூதாட்டியின் கையில் விருது வந்தது. நிறம் பிழையைப் பெருக்குகிறது. ஏழ்மை அதை நீட்டுகிறது. விதியோ எவரையும் விட்டுவைப்பதில்லை.

பறிக்கத் தெரிந்த கை

"கோடிக்கணக்கான கோப்புகள்! எல்லாவற்றையும் அரசே புரட்டிப் பார்க்க முடியுமா?" என்று கேட்பார்கள். முடிந்ததே ஐயா, ஒருமுறை!

1916-17-இல் ஓய்வுபெற்ற தளபதிகள் ஐவர் கொண்ட குழு அமைத்து, அதுவரை தரைப்படையில் வழங்கப்பட்ட 'மெடல் ஆஃப் ஹானர்' விருதுகள் அத்தனையையும், இரண்டாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்டவற்றை, ஒன்றுவிடாமல் ஆராய்ந்தார்கள். 911 பெயர்களை நீக்கினார்கள். அவற்றில் 864, உள்நாட்டுப் போரில் தவணை முடிந்தும் தங்கச் சம்மதித்தோர்க்காகக் கொடுக்கப்பட்டு, மெயின் மாநிலத்தின் ஒரே படைப்பிரிவு முழுவதற்கும் போய்ச் சேர்ந்தவை. அவற்றை நீக்கியதை நான் குறைகூறவில்லை. ஆனால் நீக்கப்பட்டோரில் மருத்துவர் மேரி வாக்கரும் இருந்தார். அந்த விருதைப் பெற்ற ஒரே பெண்மணி அவர். 1977-இல்தான் அவர் பெயர் மீண்டும் ஏறியது.

பறிக்க நினைத்தபோது எவனுடைய மனுவுக்கும் அரசு காத்திருக்கவில்லை. தானே ஏட்டைத் திறந்தது, தானே படித்தது, தானே அடித்தது. கொடுக்க வேண்டியபோது மட்டும் மனு வேண்டும், சாட்சி வேண்டும், மூன்றாண்டு வரம்பு வேண்டும்!

இன்னொன்றும் கேளீர். இரண்டாம் உலகப் போரில் காலாட்படையின் போர்ச் சின்னமோ, படை மருத்துவரின் போர்ச் சின்னமோ பெற்ற ஒவ்வொருவருக்கும் 'வெண்கல விண்மீன்' பதக்கம் உரியது என்பது 1947 முதல் உள்ள விதி. யாரிடம் சின்னம் இருக்கிறது என்பது அரசின் ஏட்டிலேயே இருக்கிறது. ஆனால் பதக்கம் தானாக வராது, விண்ணப்பித்தால்தான் வரும். அறியாதவன் விண்ணப்பிக்கவில்லை; விண்ணப்பிக்காதவன் பெறவில்லை; பெறாதவனாகவே போய்ச் சேர்ந்தான். இது கடனைத் திருப்பித் தருகிறவன் செயலா? கடன் கொடுத்தவன் மறந்துபோகக் காத்திருப்பவன் செயலா?

தனியொருவனை விடுவோம். ஒரு படையையே ஏட்டிலிருந்து அடித்த கதையும் உண்டு. 1941 ஜூலையில் ரூஸ்வெல்ட் ஆணையிட்டுப் பிலிப்பைன் படையைத் தம் கொடியின்கீழ் அழைத்தார். இரண்டரை இலட்சம் பிலிப்பைனியர் போரிட்டனர். வெற்றி கிடைத்தபின், 1946 பிப்ரவரியில், அவர்கள் செய்த சேவை நன்மைகளைப் பொறுத்தமட்டில் அமெரிக்கச் சேவை ஆகாது என்று காங்கிரஸ் சட்டமியற்றியது. 2009-இல் மனமிரங்கி, அமெரிக்கக் குடிமக்களானோர்க்கு 15,000 டாலர், மற்றவர்க்கு 9,000 டாலர் என்று ஒரே தவணையில் தர முன்வந்தார்கள். நாற்பதாயிரம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். பாதிப்பேர் மனுக்கூட ஏற்கப்படவில்லை. செயின்ட் லூயிசில் உள்ள பட்டியலில் பெயரில்லை என்பது பலருக்குக் கிடைத்த மறுமொழி. காட்டில் கொரில்லாவாகப் போரிட்டவன், செயின்ட் லூயிசில் கையெழுத்துப் போட்டுவிட்டா காட்டுக்குள் போனான்?

மறுப்பும் மறுமொழியும்

"ஏட்டை எளிதில் திருத்த விட்டால் பொய்யர் புகுவர், பதக்கம் மலிந்துவிடும்" என்பது அவர்களது வலுவான வாதம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. வாங்காத பதக்கத்தை மார்பில் குத்திக்கொண்டு திரிபவர் அங்கே உண்டு. அவரைத் தண்டிக்க 2013-இல் சட்டமும் செய்திருக்கிறார்கள். ஆகவே சான்றே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சான்றைத் தேடும் பொறுப்பு எவனுடையது என்பதையே கேட்கிறோம். காலை அறிக்கை அரசிடம். மருத்துவமனைப் பதிவு அரசிடம். தளபதியின் குறிப்பு அரசிடம். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பூட்டிய அறைக்கு வெளியே நிற்பவனைப் பார்த்து "எடுத்துக் காட்டு" என்பது எந்த ஊர் நியாயம்? பதக்கத்தை மலிவாக்குவது, உரியவனுக்குக் கொடுப்பது அன்று, உரியவனுக்கு மறுப்பதே.

"நாமோ ஏகாதிபத்தியப் போர்களை எதிர்ப்பவர்கள், அமெரிக்கப் பதக்கத்துக்காக நாம் ஏன் வாதாட வேண்டும்?" என்று நம் தோழர் சிலரும் கேட்கக்கூடும். போரை முடிவு செய்தவன் மாளிகையில் இருந்தான். போருக்குப் போனவன் மூட்டை தூக்கியவன், ஏர் ஓட்டியவன், அடிமையின் பேரன். போர் தவறு என்று சொல்வதற்கும், போனவனை ஏமாற்றியது தவறு என்று சொல்வதற்கும் முரண் இல்லை. இரண்டும் ஒரே நியாயம்.

ஏட்டில் பொய் ஏறியிருந்தால் அதையும் நீக்கச் சொல்வோம். 1890-இல் வூண்டட் நீ என்ற இடத்தில் லக்கோட்டா செவ்விந்தியரை, பெண்டு பிள்ளைகள் உட்படக் கொன்று குவித்ததற்காகவும் அதே 'மெடல் ஆஃப் ஹானர்' கொடுத்தார்கள். அதை மறுபரிசீலனை செய்ய 2024-இல் ஆணை பிறந்தது. அந்தப் பதக்கங்கள் அப்படியே இருக்கும் என்று 2025-இல் அறிவித்துவிட்டார்கள். இருபத்தொரு காயம்பட்டவன் பெயரை ஏற்ற நூறாண்டு வேண்டும். குழந்தைகளைக் கொன்றவன் பெயர் நூறாண்டானாலும் அசையாது! அந்த ஹென்றி ஜான்சனின் பெயரை 2023-இல் லூயிசியானாவின் படைத்தளம் ஒன்றுக்குச் சூட்டினார்கள். 2025-இல் எடுத்துவிட்டுப் பழையபடி 'போல்க்' என்றே ஆக்கினார்கள். ஏற்றியதை இறக்க எத்தனை சுறுசுறுப்பு!

வேண்டுவது என்ன?

அந்நாட்டு முன்னாள் வீரர்களுக்கு நியாயம் எது என்பதை நான்கு வரியில் சொல்லிவிடலாம். அரசின் கையில் இருந்தபோது ஏடு அழிந்ததானால், ஐயத்தின் பயன் வீரனுக்கே சேர வேண்டும். ஏடு சரியென்னும் அனுமானம் அங்கே ஒழிய வேண்டும். இருக்கும் ஆவணங்களைத் தேடி இணைப்பது அரசின் வேலையாக வேண்டும். விதிப்படி உரிய பதக்கம் மனுவின்றியே வீடு தேடி வரவேண்டும். காலவரம்பு நீங்க வேண்டும். உண்மைக்கு முதுமை இல்லை. விடுவிக்கப்பட்டு 62 ஆண்டு கடந்த கோப்புகளை, குடும்பத்தார்கூடக் கட்டணம் செலுத்திப் பெறும் நிலை மாற வேண்டும். தகப்பன் சிந்திய இரத்தத்தின் கணக்கைப் பார்க்க மகன் காசு கொடுப்பதா?

இவற்றில் ஒன்றேனும் கருணை அன்று. நான்கும் கடன்.

தோழரே, திருவண்ணாமலைப் பக்கம் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்றோர் ஊர். அங்கே மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. ஆநிரை காத்து மாண்ட வீரன் ஒருவனின் பெயரோடு, அவனுடன் நின்று கள்வரை எதிர்த்த அவன் நாயின் பெயரையும் அந்தக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். ஆயிரத்து நானூறு ஆண்டாகியும் அந்தப் பெயர் அழியவில்லை. கல்லை வெட்டியவர்கள் அந்த நாயிடம் விண்ணப்பம் கேட்கவில்லை. மூன்றாண்டு வரம்பு வைக்கவில்லை. எண்பித்தால் பார்க்கலாம் என்று சொல்லவும் இல்லை. காத்தவன் பெயரை எழுதுவது காக்கப்பட்டவன் கடமை என்று ஒரு சிற்றூர்க்குத் தெரிந்திருந்தது.

சிற்றூர்க்குத் தெரிந்த அந்த நியாயம் பேரரசுக்குத் தெரிய இன்னும் எத்தனை வீரர் காத்திருந்து சாகவேண்டும்? எழுதியவன் நீ, வைத்திருந்தவன் நீ, தொலைத்தவன் நீ. தேட வேண்டியவனும் நீயே!